வசந்தா என்ற ஒரே சொல்

தலையில் ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்து வந்தவள் என்று நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. யாருக்காவது வலிப்பு வந்தால், தலைவலியோடு வாந்தியும் சேர்ந்துகொண்டால், வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். மண்டையைத் திறந்தபோது வலித்ததா, முடி திரும்ப வளர்ந்ததா, பேச்சு எப்போது வந்தது என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நான்கு மாதமும் நான் சாவுக்குப் பயந்ததைவிட என் தங்கையை நினைத்து வயிறெரிந்ததுதான் அதிகம். அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கதையில் பாதிதான் இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் கணவர் கலியபெருமாளுக்குச் சுரங்கத்தில் வேலை, வெட்டிய மண்ணை மேலே கொண்டுபோகும் பெல்ட்டில் ஷிப்ட் ஆபரேட்டர். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் மல்லிகாவுக்கு நான்கு வயது. வீட்டின் முன்னால் நட்ட முருங்கை அந்த வருஷம்தான் முதல் தடவை காய்த்தது. குறையென்று சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தோம்.

முதலில் வலது கைக் கட்டைவிரல்தான் ஆடியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ நூல் கட்டிச் சுண்டி இழுப்பதுபோல விரல் வெட்டி வெட்டி இழுத்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. அசதி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கை முழுவதும் ஆடியது. அதற்கடுத்த வாரம் வாயின் வலது ஓரம் கோணிக்கொண்டு எச்சில் வழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பிலேயே, பிள்ளைகள் கண்முன்னால் நினைவு தப்பி விழுந்தேன். விழித்தபோது என் உள்ளங்கையில் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை வைத்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் டீச்சருக்குக் காக்கா வலிப்பாம் என்று பிளாக் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சின்ன விளக்குக் கருவியை என் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் மூளையிலிருந்து வரும் நரம்பு ஒன்று உண்டாம். அதன் முனை வீங்கியிருந்ததாம். மண்டை எலும்பு விரிந்துகொடுக்காது, உள்ளே ஏதாவது வளர்ந்தால் அழுத்தம் கூடி அந்த நரம்பு வீங்கும், இதற்கு இங்கே வசதி கிடையாது, சென்னையில் மூளைக்கும் நரம்புக்கும் மட்டும் தனி வார்டு இருக்கிறது, தாமதிக்காமல் போங்கள் என்றார். வெளியே வந்ததும் என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

குழந்தையை யார் பார்ப்பது என்றபோது என் தங்கை வசந்தா பெயரைச் சொன்னவள் நான்தான். குறிஞ்சிப்பாடியில் அப்பாவோடு இருந்தாள். இருபத்தொரு வயது. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். என் லீவு முடியும்வரை வகுப்புக்கு ஆள் தேவைப்படும் என்று தலைமையாசிரியை சொன்னபோது, அதற்கும் அவளையே சொன்னேன். குழந்தையையும் தன்னோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம், வருகிற சம்பளம் அவள் கல்யாணத்துக்கு உதவும் என்றெல்லாம் யோசித்து நல்ல ஏற்பாடு செய்துவிட்டதாக நினைத்தேன். சென்னைக்குப் போகும் வழியில் விழுப்புரத்தில் ரயில் மாறும்போதுகூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு துணைக்கு வந்தவர் என் கணவரின் அக்கா தனக்கோடி அண்ணி. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரிப் பாலில் ஆடை பிடித்தால் எனக்குக் குமட்டும் என்று தன் முந்தானையால் வடிகட்டித் தருவார். என் கட்டிலுக்கு அடியிலேயே பாய் போட்டுக்கொண்டார். ஊரில் இருக்கும்போது எங்களுக்குள் பேச்சு அவ்வளவாகக் கிடையாது. அவர் செய்ததையெல்லாம் எழுதி முடியாது.

பரிசோதனைகள் மூன்று வாரம் நடந்தன. சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்கள். தலை முழுக்கப் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடுகோடாக வரைந்தெடுத்தார்கள். அதில் வலியே இல்லை. எனக்கு மறக்க முடியாதது கழுத்தில் போட்ட ஊசிதான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு மருந்தைச் செலுத்தி, அது பாயும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து ஏறிய நொடியில் பாதி முகத்தில் யாரோ கொதிக்கும் கஞ்சியை ஊற்றியதுபோல இருந்தது. அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டே ஒரு நர்ஸ் என் தாடையைப் பிடித்திருந்தார். அந்தப் படத்தில்தான் கட்டி தெரிந்தது.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்கே காட்டினார். மூளையைச் சுற்றி உறை ஒன்று இருக்கிறது, கட்டி அந்த உறையில்தான் வளர்ந்திருக்கிறது, மூளைக்குள் நுழையவில்லை, எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், மெதுவாக வளரும் சாதி, முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது என்றார். இடது பக்க மூளைதான் வலது கையையும் பேச்சையும் ஆள்கிறது என்பதால், எடுத்த பிறகு அவை இரண்டும் கொஞ்ச நாள் தடுமாறலாம், சிலருக்குத் தடுமாற்றம் நிலைத்துவிடுவதும் உண்டு என்றார். உயிருக்கு என்ன என்று அண்ணி கேட்டார். பத்துப் பேரில் ஓரிருவருக்கு ஆபத்து நேரலாம் என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அன்று முழுவதும் அந்த ஓரிருவர் யார் யாராக இருக்கும் என்று வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முறை வர ஒரு மாதமானது. அந்த மாதத்தில் வந்த கடிதங்கள்தான் என்னைத் தின்றன. என் கணவர் வாரம் ஒரு கடிதம் எழுதுவார். நல்ல மனிதர், எனக்குத் தெம்பு வரட்டும் என்று வீட்டு விசேஷங்களையெல்லாம் எழுதுவார். வசந்தா மல்லிகாவுக்கு இரட்டைச் சடை பின்னிவிடுகிறாள். காலை ஷிப்டுக்கு நான்கு மணிக்கே எழுந்து டிபன்பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறாள். மல்லிகா இப்போது கீரை சாப்பிடுகிறாள், வசந்தா என்ன மாயம் செய்தாளோ. உன் வகுப்புப் பிள்ளைகள் வசந்தாவிடம் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். ஒரு கடிதத்தில் எத்தனை வசந்தா என்று பென்சிலால் அடிக்கோடு போட்டு எண்ணுவேன். கீரைக்காக இரண்டு வருஷம் மல்லிகாவோடு மல்லுக்கு நின்றவள் நான்.

ஒரு நாள் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அண்ணி எதிர்க் கட்டில் நோயாளிக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டாலும் குழந்தை தெருவில் நிற்காது, சித்தி இருக்கிறாள் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. தாயின் தங்கையும் சித்திதான், தகப்பனின் இரண்டாம் மனைவியும் சித்திதான். குழந்தை தான் கூப்பிடும் சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. மனைவி போய்விட்டால் அவள் தங்கையைக் கட்டிக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிய ஆண்களை எங்கள் சொந்தத்திலேயே மூன்று பேரைத் தெரியும். அவர்களைப் பெருந்தன்மைக்காரர்கள் என்று நானே புகழ்ந்திருக்கிறேன்.

அதன்பின் பார்த்தவர்கள் மேலெல்லாம் பொறாமை வந்தது. பக்கத்துக் கட்டிலில் நாகூரிலிருந்து வந்த ஜைத்தூன் படுத்திருந்தாள். முதுகெலும்பில் சீழ்க்கட்டி ஒன்று நரம்பை அழுத்தி இரண்டு காலும் விழுந்துவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் அவளுடைய வலது கால் பெருவிரல் அசைந்தது. வார்டே திரண்டு வந்து அந்த விரலைப் பார்த்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில், என் கணவரும் வசந்தாவும் மல்லிகாவும் வந்தார்கள். வசந்தா என்னுடைய நீல வாயில் துணிச் சேலையைக் கட்டியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சேலை. அவளிடம் நல்லதாக இரண்டு சேலைதான் உண்டு என்பது எனக்குத் தெரியாததா. வெயிலில் வந்ததில் முகம் சிவந்து அழகாக இருந்தாள். எனக்கோ முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள், மருந்தில் முகம் வீங்கியிருந்தது. மல்லிகாவைக் கை நீட்டிக் கூப்பிட்டேன். அவள் வசந்தாவின் விரலை விடவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“சித்தி, நாம எப்ப நம்ம வூட்டுக்குப் போறது?”

வசந்தா அவளைத் தண்ணீர்க் குழாயைக் காட்டுவதாகச் சொல்லி வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். என் கணவர் ஆபரேஷனுக்குச் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டார்.

“போடல. மொதல்ல அவள நம்ம வூட்லேர்ந்து அனுப்புங்க. அப்பறம் போடறேன்.”

“என்னா சரோஜா பேசற. கொழந்தைய யாரு பாப்பாங்க? நான் ஷிப்டுக்குப் போவ வேணாமா?”

“யாரோ பாக்கட்டும். அவ பாக்க வேணாம். நான் செத்தப்பறம் எப்படியோ போவட்டும். இருக்கறப்பவே என் எடத்துல ஒருத்தி இருக்க வேணாம்.”

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் கறுத்து எழுந்து நின்றார். அதற்குள் வராந்தாக் கதவருகில் வசந்தா நிற்பதைப் பார்த்துவிட்டேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கண்ணில் தண்ணீர் இல்லை. குரலும் சாதாரணமாகவே இருந்தது.

“நான் போயிடறேன் மாமா. அக்கா கையெழுத்துப் போடட்டும்.”

மறுநாளே பள்ளிக்கூடத்தில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். மல்லிகாவைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலையாள அம்மா பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் செய்தி வந்ததும் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடும் அளவுக்கு அப்போது கை வேலை செய்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. இதை மாற்றிச் சொல்லிப் பயனில்லை.

வியாழக்கிழமை காலை தலையை மழித்தார்கள். அண்ணி அந்த முடியைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். முகமூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். ஐந்து வரை எண்ணியது நினைவிருக்கிறது. மண்டை ஓட்டில் ஜன்னல்போல ஒரு துண்டை அறுத்துத் திறந்து, கட்டியை எடுத்துவிட்டு, அதே துண்டைத் திரும்ப வைத்து மூடினார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். ஆறு மணி நேரம் ஆனதாம்.

விழித்தபோது வலது கை என்னுடையதாக இல்லை. நனைந்த கோணி மூட்டையை யாரோ பக்கத்தில் போட்டதுபோலக் கிடந்தது. எதிரில் பெரிய டாக்டரும் என் கணவரும் அண்ணியும் நிற்பது தெரிந்தது. டாக்டர் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டி இது என்ன என்று கேட்டார். பேனா என்று எனக்குத் தெரியும். அதன் மூடி கறுப்பு, கிளிப் வெள்ளி என்பதுவரை தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

“வசந்தா” என்றேன்.

கைக்கடிகாரத்தைக் காட்டினார். வசந்தா என்றேன். தம்ளரைக் காட்டினார், என் கணவரைக் காட்டினார். அவர் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனால் அன்று சொல்லிவிட முயன்றேன். அப்போதும் வந்தது வசந்தாதான். தவறாக வருகிறது என்பது என் காதுக்குக் கேட்டது. நாக்கைக் கட்டி நிறுத்த முடியவில்லை. தாகம் எடுத்தால் வசந்தா. வலித்தால் வசந்தா. அழுதுகொண்டே அதையே சொன்னேன்.

டாக்டர் இதைக் கேட்டு அதிகம் கவலைப்படவில்லை. சொல் தெரிந்திருப்பதும் அதை வாய்க்குக் கொண்டுவருவதும் மூளையில் வெவ்வேறு வேலைகள், கட்டி இருந்த இடத்தைச் சுற்றி வீக்கம் இருக்கிறது, வீக்கம் வற்ற வற்றப் பேச்சு வரும், அதுவரை சிலருக்கு ஒரே சொல் சிக்கிக்கொண்டு அதுவே திரும்பத் திரும்ப வரும் என்று விளக்கினார். யார் அந்த வசந்தா என்று கேட்டார். கூடப் பிறந்த தங்கை என்றார் அண்ணி, தேம்பிக்கொண்டே. வார்டு முழுக்க அந்தச் செய்தி போயிற்று. நினைவு திரும்பியதும் தங்கையைத்தான் தேடுகிறாள், இப்படிப் பாசம் எங்கே உண்டு என்று ஜைத்தூன்கூடக் கண் கலங்கினாள். இல்லை என்று சொல்லப் பார்த்தேன். அதற்கும் வசந்தா என்றுதான் வந்தது.

என் கணவர் குறிஞ்சிப்பாடிக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார்.

அவள் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் ஊட்டிவிட்டாள், உடம்பு துடைத்துவிட்டாள். இரண்டாம் நாள் ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். ஒரு பொருளைக் காட்டுவாள், அதன் பெயரைச் சொல்லுவாள், என்னைச் சொல்லச் சொல்லுவாள். நான் அவள் பெயரைச் சொல்லுவேன். திட்டாமல், சிரிக்காமல் அடுத்த பொருளை எடுப்பாள். இப்படி நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் அவளுக்கு என்ன தோன்றியதோ, சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வகுப்பில் பிள்ளைகளுக்கு முன் நின்று சொல்லும் ராகத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று சொல்லி நிறுத்தினாள். மூவேழ் இருபத்தொண்ணு என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நாலேழ் இருபத்தெட்டு. ஐயேழ் முப்பத்தஞ்சு. நிற்காமல் போயிற்று. அண்ணி பாயிலிருந்து எழுந்து ஓடி நர்ஸை அழைத்து வந்தார்.

மனப்பாடமாக ராகத்தோடு பதிந்தது வேறு வழியாக வருகிறது, நல்ல யோசனை, இதையே தொடருங்கள் என்று டாக்டர் அவளைப் பாராட்டினார். அதன்பின் ஒவ்வொரு சொல்லையும் அவள் ராகம் போட்டே கொடுத்தாள். தண்ணி. சோறு. மல்லிகா. வாய்ப்பாட்டு ராகத்தில் தண்ணீர் கேட்ட நோயாளி அந்த வார்டில் நான் ஒருத்திதான். பிறகு இடது கையில் குச்சியைக் கொடுத்து அகரத்திலிருந்து எழுத வைத்தாள். என்னைவிட அவள் நல்ல டீச்சர் என்பது அந்த ஐந்து வாரத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அது தெரிந்தபோதும் எரிந்தது. ஆனாலும் சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வர நேரமானால் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் ஊர் திரும்பிப் பத்து மாதம் கழித்து மறுபடி பள்ளிக்கூடம் போனேன். இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகியிருந்தேன். வலது கையில் பிடிமானம் பாதிதான் திரும்பியது. வலிப்பு மாத்திரையை இன்றும் நிறுத்தவில்லை. கட்டி திரும்ப வரவில்லை. வசந்தாவுக்குத்தான் கையிலிருந்த வேலை போய்விட்டது. அவள் விட்டுப்போன இடத்துக்கு வந்த பெண்ணுக்கு, நான் திரும்பியதும், அதே பள்ளிக்கூடத்தில் வேறு வகுப்பு கொடுத்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் வசந்தா விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கணக்கு யாரும் கேளாமலே என் தலையில் இருந்தது.

கடைசியில் விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உத்தரவு வந்தது. போவதற்கு முன்தினம் எங்கள் வீட்டில் இருந்தாள். அடுப்படியில் நான் ஒரு கையால் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். அன்று பாசத்தில் உன் பெயரைச் சொல்லவில்லை, மயக்கம் கொடுக்கும்வரை உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன், அதுதான் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது, ஊரே தப்பாக நினைத்துவிட்டது, நீயும் தப்பாக நினைத்து வந்துவிட்டாய் என்றேன்.

அவள் சட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நான் தப்பா நெனைக்கலக்கா. திட்டறதுக்கும் கூப்பிடறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நான் வந்து மொத மூணு நாலு நாளு நீ என்னத் திட்டிக்கினுதான் இருந்த.”

“தெரிஞ்சிகினா உக்காந்திருந்த?”

“ஆமா. அப்பறம் ஒரு நாளு கூப்பிட ஆரம்பிச்ச. அதுவும் தெரிஞ்சிது.”

சொல்லிவிட்டு அவரைக்காயைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவளை வடலூரில் பஸ் ஏற்றிவிடப் போனோம். பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் பத்து நாள் விடுமுறை இருந்தது. கிளம்பும்போதே மல்லிகா சித்தியோடு போகிறேன் என்று அழத் தொடங்கிவிட்டாள். ஆறு வயதுப் பெண், வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை அதட்டினார். நான் உள்ளே போய் இரண்டு கவுனையும் சீப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வசந்தாவின் பக்கத்தில் குழந்தையை உட்கார வைத்து, பையை அதன் மடியில் வைத்தேன்.

“லீவு முடியறவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். கீரை போடு, உன்கிட்டன்னா சாப்புடுவா” என்றேன்.

வசந்தா தலையை மட்டும் அசைத்தாள். பஸ் கிளம்பியது. மல்லிகா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரியத்தான் செய்தது. பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.